நானூற்றுப் பன்னிரண்டு முகங்கள்

மார்ச் 2, திங்கள் இரவு

அன்புள்ள அண்ணா,

இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

நவம்பரில் நீ அனுப்பிய பேனாப் பெட்டி கிடைத்தது. அப்பா அதன் உறையைக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். நான் பின்பக்கமாகப் போய் எடுத்து, உன் முகவரி இருந்த துண்டை மட்டும் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டி வைத்தேன். நன்றி சொல்லக்கூட எழுதாதவள், காரியம் ஆக வேண்டும் என்றதும் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உண்மைதான்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிற சாஃப்ட்வேர் வெள்ளிக்கிழமை ராத்திரி அப்டேட் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா செய்து வைத்திருந்த திருத்தங்களில் ஒன்றுகூட இல்லை. படங்கள் இருக்கின்றன. ஆனால் கேமராவிலிருந்து இறக்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே மங்கலாக, மஞ்சளாக இருக்கின்றன.

எந்தப் படங்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. செவிலியர் கல்லூரியில் இந்த வருஷம் படிப்பை முடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு படம். சட்டம் போட்டு, பட்டமளிப்பு விழாவில் மேடையிலேயே கையில் கொடுப்பார்களாம். விழா ஏப்ரல் 4. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். "பையன் இல்லாம உங்களால முடியுமா சார்?" என்று கல்லூரி முதல்வர் கேட்டாராம். அப்பா "முடியும் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்பதிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மூன்று மாதம் உட்கார்ந்தார். ஒரு முகத்துக்கு இருபது நிமிஷம். மருவைத் தொட மாட்டார், தழும்பைத் தொட மாட்டார். கண்ணுக்குக் கீழே விழுந்திருக்கிற நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார். திரையோடு பேசிக்கொண்டே செய்வார். "ஏம்மா, நைட் டூட்டி முடிச்சு நேரா இங்கதான் வந்தியா? முகத்தையாவது கழுவிட்டு வந்திருக்கலாமில்ல?" உள்ளேயிருந்து அம்மா, "இருபத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு நாள் இப்படிக் கேட்டதில்ல" என்பாள்.

சனிக்கிழமை காலையில் அவர் கம்ப்யூட்டரைப் போட்டபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். "நேத்து சாயங்காலம் நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு. ஒரு பெட்டி வந்துச்சு. என்ன ஏதுன்னு படிக்காமலே ஓகே குடுத்துட்டேன்."

"பொறுமையாப் பாருங்க. எங்க போயிடும்?" என்றாள் அம்மா.

அப்பா ஒவ்வொரு முகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். இதுவரை அதைத் திறக்கவில்லை.

போன திருத்தங்களைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா? உனக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு எழுதாதே. பின்னால் எழுதியிருப்பது என் வகுப்பில் படிக்கிற சோடாபுட்டியின் வீட்டு முகவரி. அவள் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். நீ படுத்திருந்த கட்டிலில்தான் இப்போது நான் படுக்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமுகிறார். அணைக்கிறேன்.

உன் தங்கை

*

மார்ச் 7, சனி

வாலு,

கிழிக்கவில்லை.

முதலில் ஒன்று. சாஃப்ட்வேர் தானாக அப்டேட் ஆகாது. கேட்கும். யாராவது ஆம் என்று சொல்ல வேண்டும். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது, பயப்படாதே. இது பலருக்கும் நடக்கிறதுதான். நாம் செய்கிற திருத்தம் எதுவும் படத்துக்குள் போவதில்லை. படம் ஒரு இடத்தில் தூங்கும். அதில் என்னென்ன செய்தோம் என்பது வேறொரு இடத்தில், கேட்டலாக் என்கிற ஒரே ஃபைலில், நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தது மாதிரி இருக்கும். சாஃப்ட்வேர் படத்தையும் பார்க்கும், நோட்டையும் பார்க்கும், இரண்டையும் சேர்த்து நமக்குக் காட்டும். அப்டேட் ஆனதும் அதற்குப் பழைய நோட்டு எங்கே இருக்கிறது என்பது மறந்து போயிருக்கும். புதிதாக வெறும் நோட்டு ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவுதான். பழையதைக் காட்டிக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இப்படிச் செய். சாஃப்ட்வேரை மூடு. டி டிரைவைத் திற. அதில் ஸ்டுடியோ என்ற ஃபோல்டர், அதற்குள் 'குப்பை' என்று ஒன்று இருக்கும். கேட்டலாக்கும் அது சேர்த்து வைக்கிற மாதிரிப் படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதே. அதை இரண்டு முறை தட்டினால் சாஃப்ட்வேர் "புதுப்பிக்கவா?" என்று கேட்கும். ஆம் கொடு. அரை மணி நேரம் ஆகும். நடுவில் எதையும் தொடாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. 'அவரால் முடியாது என்று அன்றைக்கே சொன்னேனே' என்றுதான் வந்தது. அதனால்தான் அன்றே பதில் எழுத உட்காரவில்லை.

மூன்று மாதமா? ஒரு முகத்துக்கு இருபது நிமிஷமா? நான் எல்லா முகத்துக்கும் ஒரே தட்டில் முடித்திருப்பேன்.

அண்ணன்

*

மார்ச் 11, புதன் இரவு

அண்ணா,

குப்பையை நான்தான் அழித்தேன்.

உன் கடிதத்தை சோடாபுட்டி பள்ளிக் கழிப்பறை வாசலில் வைத்துக் கொடுத்தாள். அந்த வார்த்தை வரைக்கும் படித்தேன். அப்புறம் எழுத்து எதுவும் தெரியவில்லை. மிச்சத்தை அவள்தான் வாசித்தாள்.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் தானாக அப்டேட் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவும் அம்மாவும் தூங்கின பிறகு நான் போய் உட்கார்ந்தேன். புதிய வெர்ஷனில், படத்தில் இருக்கிற ஒரு ஆளின் மேல் கோடு போட்டால் அந்த ஆளே காணாமல் போய்விடுவார், பின்னாலிருக்கிற சுவர் தானாக வந்துவிடும் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதிலிருந்து ஒருத்தியை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. சோடாபுட்டியைத்தான். என் அண்ணன் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அப்போது அந்தக் கோபம். இப்போது அவளை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

அப்டேட் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று வந்தது. எதை அழிக்கலாம் என்று தேடினேன். ஸ்டுடியோ ஃபோல்டரில் எல்லாமே ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் தேதியுமாக இருந்தன. ஒன்று மட்டும் 'குப்பை'. இருப்பதிலேயே அதுதான் பெரியது. அண்ணன் போகும்போது சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். "அளவு பெரிது, ரீசைக்கிள் பின்னில் கொள்ளாது, ஒரேயடியாக அழிக்கவா?" என்று கேட்டது. ஆம் என்றேன். உதவி செய்கிற மாதிரி ஒரு நிம்மதிகூட இருந்தது அண்ணா.

இவ்வளவும் செய்து சோடாபுட்டியை எடுத்தும் பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் சுவர் வந்தது. ஆனால் என் தோளில் அவள் கை மட்டும் அப்படியே நின்றது. பயந்துபோய் மூடிவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் "நான் எதையோ அமுக்கிட்டேன்" என்றாரே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் பற்பசை இருந்தது. துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று போனேன். துப்பிவிட்டு வந்தபோது அம்மா அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் சீருடை மாற்றப் போய்விட்டேன். சனிக்கிழமை பள்ளியே கிடையாது.

இப்போது ஒவ்வொரு நாளும் அது பெரிதாகிக்கொண்டே போகிறது. "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது, புத்தி மழுங்கிடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நேற்று ஒருவர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். "பக்கத்துல வேற கடை இருக்கு, அங்க போங்க" என்று அனுப்பிவிட்டார். சாப்பிடும்போது, "தொரை இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா? இல்லையென்றாலும் இருக்கிறது என்று எழுது.

உன் தங்கை

*

மார்ச் 15, ஞாயிறு

வாலு,

அந்தப் பெயரை வைத்தது நான். அதனால் உன் பங்கில் பாதி என்னுடையது. பாதிக்கு மேலேயே என்று வைத்துக்கொள்.

போன வருஷம் ஆரம்பத்தில் அப்பா நான் இல்லாத நேரத்தில் கேட்டலாக்கைத் திறந்து, ஏதோ செய்து பார்க்கிறேன் என்று என் இருபது படங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் கத்தினேன். அவர் மறுபடியும் திறப்பார் என்று தெரியும். அவருக்கு எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் குப்பை என்று எழுதியிருந்தால் தொட மாட்டார். கை கழுவிவிட்டு வந்து கேமராவைத் தொடுகிறவர் இல்லையா? அதனால் அந்தப் பெயர். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. சாஃப்ட்வேர் கடைசியாகத் திறந்ததையே தானாகத் திறக்கும், அதனால் நான் போன பிறகும் அவர் பெயரைப் பார்க்காமலே அதற்குள் வேலை செய்திருக்கிறார். மேலே சின்ன எழுத்தில் இருக்கும். அதையெல்லாம் அவர் எங்கே பார்க்கப்போகிறார்?

சரி, வேலைக்கு வருவோம். அழித்த ஃபைலைத் தேடி எடுக்கிற சாஃப்ட்வேர் உண்டு. ஆனால் அழித்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால்தான் கிடைக்கும். நீ அதன் மேலேயே அப்டேட்டை இறக்கியிருக்கிறாய். அதனால் நம்பிக்கை வைக்காதே.

இன்னொரு வழி இருக்கிறது. சாஃப்ட்வேரை மூடும்போதெல்லாம் "பேக்கப் எடுக்கவா?" என்று ஒரு பெட்டி வரும். ஆம் கொடுத்தால் கேட்டலாக்கின் நகல் ஒன்றைத் தேதி போட்டுத் தனியாக வைக்கும். பத்து நிமிஷம் ஆகும். நான் பெரும்பாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் அப்பா எந்தப் பெட்டி வந்தாலும் ஆம் கொடுக்கிறவர். அதற்காக நான் அவரை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! மேஜைக்குக் கீழே கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கும். அதில் 'பேக்கப்' ஃபோல்டரைத் திறந்து கடைசித் தேதி என்ன என்று பார். பிப்ரவரித் தேதி ஏதாவது இருந்தால் நீ பிழைத்தாய். நானும் பிழைத்தேன்.

கீழே என் கைபேசி எண். முடிந்தால் கூப்பிடு. பகலில் எடுக்க முடியாது. நான் வேலை செய்கிற இடத்தில் அடையாள அட்டைக்கான படங்கள்தான் நாள் முழுக்க. முகத்தை அளவுக்கு வெட்டுவது மட்டும்தான் வேலை. முகத்தில் எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. ஒரு மருவை எடுத்தால்கூட வேலை போய்விடும். அப்பா கேட்டால் சிரிப்பார்.

அண்ணன்

*

மார்ச் 19, வியாழன் இரவு

அண்ணா,

நேற்று சோடாபுட்டியின் அம்மா கைபேசியிலிருந்து கூப்பிட்டேன். நீ "யாரு?" என்றாய். எட்டு மாதத்துக்கு அப்புறம் உன் குரல். அவள் அம்மா பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "யாருங்க பேசறது?" என்று மறுபடியும் கேட்டாய், தெரியாதவர்களிடம் கேட்கிற மாதிரி. வைத்துவிட்டேன். எழுதுவதுதான் எனக்கு வருகிறது.

கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துவிட்டேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் பார்த்தேன். அதற்குள் பதினேழு பேக்கப் இருக்கின்றன. கடைசித் தேதி ஜூலை 10.

ஜூலை 10, அண்ணா. நீ போனது 11.

அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எனக்குப் புரியவில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் ஆம் கொடுப்பார் என்றாயே. இன்றைக்குச் சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அப்பா, அதை மூடும்போது பேக்கப் எடுக்கவான்னு ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே. டக்குனு மூடிக்கும். ஏன், கேக்குமா?"

"சும்மாதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். அதற்கப்புறம் பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அந்தக் கேள்வி வந்தும் தனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார் போல.

இன்னொரு விஷயம். அப்பா கல்லூரிக்குப் போய்த் திருத்தாத படங்களை அப்படியே முதல்வர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற பெரிய ஸ்டுடியோவில் செய்து கொள்கிறார்களாம். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "கடையை வாடகைக்கு விட்டுடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பெயர்ப்பலகை எழுதுகிறவர் நாளைக்கு வருகிறார். அம்மா, "ஒரு தடவை வேலை கெட்டதுக்குக் கடையையா மூடுவாங்க?" என்று கேட்டாள். "வேலை கெடல. நான் கெட்டுட்டேன்" என்றார்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

உன் தங்கை

*

மார்ச் 23, திங்கள்

வாலு,

அந்தப் பெட்டி வராமல் செய்ததும் நான்தான்.

ஜூலை 11 அன்று பகலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ பள்ளியில் இருந்தாய், பாதிதான் தெரியும். முகவாயில் தீக்காயத் தழும்பு இருந்த ஒரு அம்மாள் படம் வாங்க வந்தார். அந்தத் தழும்பை நான் துடைத்து எடுத்திருந்தேன். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்பா அவர் முன்னாலேயே என்னைத் திட்டினார். நான் அவர் முன்னாலேயே அப்பாவிடம், "நீங்க தொட்டா எல்லாம் கெட்டுடும். அதனாலதான் நான் தொடறேன்" என்றேன்.

அன்று மாலை பையைக் கட்டி வைத்துவிட்டு, கடைசியாகக் கம்ப்யூட்டரை மூடப் போனேன். "பேக்கப் எடுக்கவா?" என்று வந்தது. பத்து நிமிஷம் அங்கே உட்கார எனக்குப் பொறுமை இல்லை. 'இனிமேல் கேட்காதே' என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அதுதான் அந்தக் கடையில் நான் செய்த கடைசி வேலை. அதற்கப்புறம் அது யாரையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றாரா?

'படங்களை எனக்கு அனுப்பு, ஒரே ராத்திரியில் முடித்துத் தருகிறேன்' என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது பார். என் கையில் வந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே முகமாகிவிடும்.

இனி திருத்தங்கள் கிடைக்காது. தேடாதே. மிச்சமிருப்பது ஒன்றுதான். அப்பாவிடம் சொல். எதையும் தப்பாக அமுக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் கடையைக் கொடுத்துவிட்டார் என்றால், நாம் இரண்டு பேரும் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டியதுதான். பெயர் விஷயத்தை மட்டும் சொல்லாதே. பேக்கப்பையும் சொல்லாதே. அதை நானே அவருக்கு எழுதுகிறேன். இந்த வாரமே எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6, திங்கள் இரவு

அண்ணா,

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 28 அன்று சொன்னேன். அப்பா கடையில் லென்ஸுகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்று, "அப்பா, நீங்க எதையும் தப்பா அமுக்கல" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சுற்றுலாப் படம், அப்டேட், அழித்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு சாயங்காலம் ஒரு பெட்டி வந்துச்சே? நான் ஓகே குடுத்தேனே?"

"அது பிரிண்டர்ல மை கம்மியா இருக்குன்னு வந்த பெட்டிப்பா."

"மையா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல?"

"நீங்க ஒண்ணுமே பண்ணலப்பா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அதைப் பார்த்தேன். ஒரு கணம்தான். அதற்குள் வேறு ஏதோ நினைவு வந்துவிட்டது. "ஒரு மாசமா நான் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தேனே, பாத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தே?" என்று கேட்டார்.

அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். நீ வாங்கினதில் பாதி எனக்குக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். நான் அழுததும், "சரி, போ, முகத்தைக் கழுவு" என்றார். எந்த ஃபைல் என்று கேட்டார். பெயர் ஞாபகமில்லை என்று சொன்னேன். உனக்குக் கொடுத்த வார்த்தைக்காக.

நீ இந்த வாரமே எழுதுகிறேன் என்றாய். தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் நான் வாசலில் நின்றேன். உன் கடிதம் வரவில்லை.

விழா முடிந்துவிட்டது. நாங்கள் போகவில்லை. நேற்று ஒரு அக்கா கடைக்கு வந்தார். செவிலியர் கல்லூரியில் படித்தவர். கையில் அந்தப் பெரிய ஸ்டுடியோ செய்து கொடுத்த சட்டம். உதட்டுக்கு மேலே அவருக்கு ஒரு மச்சம் உண்டு. படத்தில் இல்லை. முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. "எங்கம்மா இதை மாட்ட மாட்டேங்கறாங்க சார். என் பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. நீங்க எடுத்தது இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா உள்ளே வந்து, அலமாரியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார்.

கம்ப்யூட்டரைப் போட்டுச் சாஃப்ட்வேரைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பழையது எங்காவது இருக்கிறதா என்று மெனுவைத் தட்டினார். அது முன்பு திறந்த கேட்டலாக்குகளின் பட்டியலைக் காட்டியது. 'குப்பை: கண்டுபிடிக்க முடியவில்லை' என்று இருந்தது. என்னால் மறைக்க முடியவில்லை அண்ணா. திரை முழுக்க அது ஒன்றுதான் இருந்தது.

அப்பா முன்னால் குனிந்து படித்தார். "இதுதான் அதுவா?" என்றார்.

"நான் தொடக் கூடாதுன்னு வச்சிருக்கான்." கொஞ்சம் சிரித்தார். "சாமர்த்தியம்தான். குப்பைன்னு போட்டா நான் எங்க தொடப் போறேன்?" மவுஸ் மேல் கையை வைத்தார். ஆனால் நகர்த்தவில்லை. "அப்ப மூணு மாசமும் அதுக்குள்ளதான் உக்காந்திருந்தேனா?" என்றார்.

உன் கடிதம் அதற்கு முன்னால் வந்திருக்கலாம்.

பிறகு புதிதாக ஒன்றைத் திறக்கச் சொன்னார். பெயர் என்ன என்று சாஃப்ட்வேர் கேட்டது. கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. "நீயே ஏதாவது போடேன்" என்றார். நான் கீபோர்டில் கை வைக்கவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதையும் தட்டப் பயமாக இருக்கிறது. அவரே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நடுவில் ஒரு தடவை, "இந்த லா எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

'தொடலாம்' என்று இருந்தது.

அந்த அக்காவின் படத்துக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். முன்பைவிட மெதுவாகத்தான் செய்கிறார். மச்சம் இருந்த இடத்தில் இருக்கிறது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மூடும்போது "பேக்கப் எடுக்கவா?" என்று கேட்டது. நான் முந்தின நாளே பயந்து பயந்து அதைத் திரும்பக் கேட்க வைத்திருந்தேன். அப்பா ஆம் கொடுத்தார். பத்து நிமிஷமும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்களுடையதையும் செய்யப்போகிறாராம். கேட்டு வந்தால் கொடுக்கலாம், வராவிட்டால் இருக்கட்டும் என்கிறார். இன்னும் நானூற்றுப் பதினொன்று இருக்கின்றன.

வாடகைக்கு என்ற பலகை இன்னும் வாசலுக்கு மேலேதான் தொங்குகிறது. எழுதினவர் ஏணி கொண்டுவந்து மாட்டிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டூல் போட்டுப் பார்த்தேன், எனக்கு எட்டவில்லை. அப்பாவை ஏற விட மாட்டேன். அவரும் அதைக் கழற்று என்று இதுவரை சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. வெளியே போகும்போதெல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறார்.

உனக்கு எட்டும்.

உன் வாலு